பூக்கடையிலிருந்து பத்துமலை வரை: கேமராவை எங்கே வைப்பது?

கைப்பேசி ஒன்று இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஆரம்பித்து, கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிப் பத்துமலையில் முடித்துவிடலாம். கற்றுக்கொள்ளப்போவது ஒன்றுதான்: நீங்கள் நிற்கும் இடமும் கேமராவின் உயரமும் மாறினால், படத்தில் இருப்பவரைப் பற்றிப் பார்ப்பவர் நினைப்பதும் மாறும்.

1. ஒரே ஆள், மூன்று தூரம்

மாலை கட்டும் பூக்கடை ஒன்றைப் பிடியுங்கள். "அக்கா, நீங்க பூ கட்டுறத ரெண்டு மூணு படம் எடுத்துக்கவா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், அடுத்த கடை இருக்கிறது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு வைட் ஷாட். கடை, தொங்கும் மாலைகள், போகிற வருகிற ஆட்கள் எல்லாம் விழும். அக்கா அந்தக் கூட்டத்தில் ஒருவர். பிறகு கிட்டே வந்து இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிற மிட் ஷாட். இப்போது அவர் வேலை செய்கிறார் என்பது புரியும். கடைசியாகக் குளோஸ்-அப்: ஈர நாரைச் சுற்றி முடிச்சை இறுக்குகிற இரண்டு விரல்கள், மல்லிகை மொட்டு, அவ்வளவுதான். திரையில் விரல்மேல் ஒருமுறை தட்டினால் ஃபோகஸ் அங்கே நிற்கும்.

மூன்றையும் இதே வரிசையில் பார்த்தால் இடத்திலிருந்து ஆளுக்கு வருகிறோம். விரல்களை முதலில் வைத்தால் 'யார் கை இது?' என்ற கேள்வியோடு பார்ப்பவர் அடுத்த படத்துக்குப் போவார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

2. கேமராவின் உயரம்

பூ கட்டுபவர் உட்கார்ந்திருப்பார், நாம் நின்றபடியே எடுத்துவிடுவோம். இது ஹை ஆங்கிள். உச்சந்தலையும் குனிந்த தோளும்தான் பெரிதாகத் தெரியும். நன்றாக வியாபாரம் நடக்கிற கடைக்காரரைக்கூட பாவப்பட்டவர்போல் காட்டிவிடும். செய்தி படங்களில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான்.

குந்தி உட்காருங்கள். கேமரா அவர் கண்ணுக்கு நேராக வரட்டும். இது ஐ லெவல். பார்ப்பவர் அவரோடு சமமாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். இன்னும் கீழே இறக்கி, அண்ணாந்து எடுத்தால் லோ ஆங்கிள். அவர் ஓங்கித் தெரிவார், கடையின் முதலாளி என்பது சொல்லாமலே விளங்கும். பின்னால் வெளிச்சமான வானம் வந்து முகம் கறுத்தால், முகத்தைத் தட்டி வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

பூத்தட்டை மட்டும் எடுப்பதென்றால் நேர் மேலிருந்து எடுக்கலாம். ஆளை அப்படி எடுக்கக் காரணம் இருந்தால் ஒழிய வேண்டாம். கேமராவைச் சாய்த்துப் பிடிக்கும் டச் ஆங்கிள் பதற்றத்தைக் காட்டுகிற கோணம். பூக்கடையில் அதற்கு என்ன வேலை?

3. முருகனைப் பெரிதாக்குவது

பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், 2006-இல் திறக்கப்பட்டது. அதன் காலடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் சிலை பிரம்மாண்டமாக வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அளவு தெரிய பக்கத்தில் எதுவும் இல்லாவிட்டால், படத்தில் அது நான்கு மீட்டர் சிலையாகவும் இருக்கலாம்.

கூட ஒரு தோழரை நிறுத்துங்கள். சிலை அவருக்குப் பின்னால் 100 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி, சாதாரண 1 மடங்கு லென்ஸில் ஒரு படம். பிறகு அவரை அசைக்காமல், நீங்கள் மட்டும் 6 மீட்டருக்குப் பின்வாங்கி 3 மடங்கு ஜூமில் இன்னொன்று. இரண்டிலும் தோழர் ஒரே உயரம். சிலை மட்டும் இரண்டாவதில் ஏறக்குறைய மூன்று மடங்காக அவர் பின்னால் எழுந்து நிற்கும். தோழருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் மூன்று மடங்கானது. சிலையின் தூரமோ 102 மீட்டரிலிருந்து 106 ஆனது, அவ்வளவே. இதைச் செய்தது நீங்கள் நடந்த நாலு மீட்டர். ஜூம் வேலை, தோழரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தது மட்டும்தான்.

அப்புறம் 272 படிகளும் ஏறி, கீழே பார்த்து ஒரு ஹை ஆங்கிள். 2018-இல் பூசிய வண்ணங்கள் பட்டை பட்டையாக இறங்க, மனிதர்கள் புள்ளிகளாவார்கள். இங்கே அந்தச் சிறுமை பொருந்துகிறது. கைப்பேசியைக் கயிற்றில் மாட்டிக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், குரங்குகள் பறித்துவிடும்.

4. வீட்டில்

அக்காவின் படங்களில் ஹை ஆங்கிள் ஒன்று, லோ ஆங்கிள் ஒன்று எடுத்து, அந்தக் கடைக்கு வராத இருவரிடம் ஆளுக்கொன்றாகக் காட்டுங்கள். "இவங்க யாரு, எப்படிப்பட்டவங்கன்னு நினைக்கிற?" என்று மட்டும் கேளுங்கள். கோணத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். இரண்டு பதிலும் ஒன்றாக வந்தால், அடுத்த வாரம் இன்னும் கீழே குந்தி எடுங்கள்.