பிரிந்து வாழும் தம்பதியர் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு தாக்கல் செய்யும் முறை

ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தாமல் மணவாழ்வை முடித்துக்கொள்ள, 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு வழி செய்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருப்பதும், சேர்ந்து வாழ இயலாமற்போனதும், மணத்தைக் கலைத்துக்கொள்ள இருவரும் இசைந்திருப்பதும் மனுவில் இருந்தால் போதுமானது. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு அதன் 28-ஆம் பிரிவு பொருந்தும்.

பிரிந்து வாழ்தல் என்றால் தனித்தனி வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதிருப்பதே பிரிவு என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயினும் பிரிந்த நாளாக எந்தத் தேதியைக் குறிக்கிறீர்களோ, அதுவே மனு, பிரமாண வாக்குமூலம், நிலுவையிலுள்ள ஜீவனாம்ச வழக்கு ஆகிய எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். தேதி முரண்பட்டால் வீண் வாய்தாக்களுக்கு இடமாகும்.

திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது வசிக்கும் ஊர் ஆகியவற்றுள் ஒன்றின் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்யலாம். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. திருமணப் பதிவுச் சான்றிதழ், அழைப்பிதழ், மணக்கோலப் புகைப்படம், இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள் ஆகியவற்றை இணைப்பது வழக்கம்.

மனுவைவிட அதிக நேரத்தைத் தீர்வு ஒப்பந்தத்துக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. "நகைகள் திருப்பித் தரப்படும்" என்று பொதுவாக எழுதாமல், ஆரம், வளையல், ஒட்டியாணம் என்று பெயரும் பவுனும் குறித்து, எந்த நாளில் யார் முன்னிலையில் ஒப்படைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். சீர்வரிசைப் பாத்திரங்கள், கூட்டாக வாங்கிய வீட்டுக்கடனின் மீதித் தவணை, ஜீவனாம்சத் தொகையில் முதல் விசாரணையின்போது எவ்வளவு, இறுதி நாளில் டிமாண்ட் டிராப்டாக எவ்வளவு என்பனவும் அதில் அடங்க வேண்டும். குழந்தை எவரிடம் வளரும் என்பதோடு, பள்ளி விடுமுறையில் மற்றவர் எத்தனை நாள் அழைத்துச் செல்லலாம் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. வரதட்சணைக் கொடுமை வழக்கு ஏதேனும் நிலுவையில் இருந்தால், உயர் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கோரும்போது ஒத்துழைக்க வேண்டும் என்ற உறுதியும் தேவை. இருவரும் கையெழுத்திட்டால் மட்டும் அத்தகைய வழக்கு தானாக முடிந்துவிடாது.

மனு தாக்கலானபின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதங்களுக்குள், இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை அணுக வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமன்று என 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மனு தாக்கலுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரச முயற்சிகள் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் முடிவாகியிருந்தால், காத்திருப்பைத் தளர்த்தக் கோரி, முதல் விசாரணைக்கு ஒரு வாரத்துக்குப் பின் தனி மனு கொடுக்கலாம். தீர்ப்பு வரும்வரை எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெற இயலும் என்பதால், முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவது விவேகமன்று.

சம்மதம் வற்புறுத்தலின்றித் தரப்பட்டதா என்று நீதிபதி இருவரையும் விசாரித்து, நிறைவடைந்தால் தீர்ப்பாணை வழங்குவார். அதன் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்து, இரண்டு மூன்று பிரதிகளாக வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றவும் மறுமணத்தைப் பதிவு செய்யவும் அதையே கேட்பார்கள்.