மனச்சோர்வுக்குச் சமூகம்தான் காரணமா? கேள்வியைச் சுற்றி நாம் செய்யும் தவறுகள்

எங்கள் அத்தைக்கு நான்கு வருடமாக உடம்பு வலி. கழுத்தில் தொடங்கி முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும், சில நாள் தலைக்கு ஏறும். எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், ஒரு சித்த வைத்தியர், இரண்டு ஸ்கேன் என்று சுற்றியதில் ஒரு துணிப்பை நிறைய ரிப்போர்ட் சேர்ந்தது. எல்லாவற்றிலும் நார்மல். ஐந்தாவதாகப் பார்த்த டாக்டரம்மா அந்தப் பையைத் தள்ளி வைத்துவிட்டு, "வீட்டு வேலை போக, உங்களுக்குன்னு ஆசையா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். "கோலம் போடுவேன்" என்றார் அத்தை. "கடைசியா எப்ப போட்டீங்க?" என்று கேட்டதும் அழுதுவிட்டார். மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவர் அவர். இரண்டு மார்கழி வெறும் சாணித் தெளிப்போடு போயிருக்கிறது. வீட்டில் ஆறு பேர் இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

மனச்சோர்வு என்று பெயர் தெரிந்த அன்றே பஞ்சாயத்து ஆரம்பித்தது. மாமாவின் குடிதான் காரணம் என்று ஒரு கட்சி. வாராவாரம் கட்ட வேண்டிய குழுக் கடன் என்று இன்னொரு கட்சி. "பாட்டியும் இப்படித்தான் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டே கிடந்தாங்க, இது ரத்தத்துல வர்றது" என்றார் பெரியப்பா. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் தீர்ப்பு வரட்டும் என்று இருந்ததில் மேலும் இரண்டு மாதம் போயிற்று. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சமூகம்தான் மனச்சோர்வைக் கொண்டுவருகிறதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வரும். வழியில் கிடந்த கல் தடுக்கி ஒருவருக்குக் கால் ஒடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் போட்டது யார் என்று விசாரிக்க வேண்டியதுதான். அது முடிகிற வரை காலுக்குக் கட்டுப் போடாமலா இருப்போம்? மனசு விஷயத்தில் அப்படித்தான் இருக்கிறோம்.

வார்த்தையிலேயே தொடங்கும் தப்பு

ஸ்ட்ரெஸ் என்றாலும் 'மன அழுத்தம்', டிப்ரஷன் என்றாலும் 'மன அழுத்தம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்து நெருக்கடி, கல்யாணத்துக்கு முந்தைய வாரத்துப் படபடப்பு இவையெல்லாம் அழுத்தம். காரியம் முடிந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு அப்படி இறங்காது. குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கும். அல்லது எதிலும் பிடிப்பு இல்லாமல் போகும். கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெடும். 'எல்லாருக்கும் பாரமாக இருக்கிறேன்' என்ற குற்றவுணர்வு வரும். சிலருக்குச் சாவைப் பற்றிய நினைப்பு வரும். 'பிடிப்பு இல்லை' என்பது எவ்வளவு சரியான சொல் பாருங்கள். மருத்துவர்கள் நாலு வரி எழுதி விளக்குவதை நம் ஊர்க்காரர்கள் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், "எனக்கும்தான் ஆயிரம் டென்ஷன், நான் என்ன படுத்தா கிடக்கிறேன்?" என்ற பேச்சு வருகிறது.

இன்னொன்று, சோகமாக இருந்தால்தான் மனச்சோர்வு என்று நினைப்பது. நம் பக்கம் பலர் சோகத்தைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவதில்லை. அசதி, தலைபாரம், உடம்பெல்லாம் எரிச்சல், வாயு என்றுதான் போகிறார்கள். அதற்காக எல்லா அசதியையும் மனசின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் ஆளை இப்படியே சாய்க்கும். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்வது நியாயம். நார்மல் என்று வந்த பிறகும் நான்கு வருடம் அதே வழியில் அலைவதுதான் வீண்.

சமூகமா, ஆளா?

1970-களில் லண்டனின் தென்பகுதியில் உள்ள கேம்பர்வெல்லில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வீடு வீடாகப் பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். முடிவுகள் 1978-ல் வந்தன. மனச்சோர்வில் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குக் கொஞ்ச காலம் முன்பு பெரிய அடி ஒன்றை வாங்கியிருந்தார்கள், அல்லது நீண்ட நாள் தீராத கஷ்டத்தில் இருந்தார்கள். ஆனால் அடி வாங்கிய எல்லாரும் விழவில்லை. விழுந்தவர்களிடம் நான்கு விஷயங்கள் அதிகம் தென்பட்டன: 11 வயதுக்கு முன்பே தாயை இழந்தது, 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தது, வெளியே வேலை இல்லாதது, மனசு விட்டுப் பேச நெருக்கமான ஒரு ஆள் இல்லாதது.

இந்த நான்கில் ஒன்றுகூட 'பலவீனமான மனசு' இல்லை. நான்கும் வாழ்க்கை அமைந்துபோன விதம். கடைசியாகச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. அத்தையைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள் இருந்தார்கள். பேசத்தான் ஆள் இல்லை.

மறுபக்கமும் உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 2000-ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வு ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராததுமான வித்தியாசத்தில் மரபின் பங்கு சுமார் 37 விழுக்காடு என்று கணக்கு வந்தது. பெரியப்பா சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு இரண்டு தவறான முடிவுக்கு வரலாம். "பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே கடன், அதே குடிகாரப் புருஷன். அவ நல்லாத்தானே இருக்கா" என்பது ஒன்று. ஒரே மழையில் எல்லாச் சுவரும் இடிவதில்லை. அதனால் மழையே பெய்யவில்லை என்று ஆகிவிடுமா? இன்னொன்று கொஞ்சம் படித்தவர்களின் தவறு: "சமூகம்தான் நோய், அது மாறாமல் தனி ஆளுக்கு மாத்திரை கொடுப்பது ஏமாற்று" என்பது. கேட்க நன்றாக இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கிடப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சமூகம் மாறுவது ஏதோ நூறு வருட வேலை என்று கைவிடுவதும் தப்புதான். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டம் வந்த வட்டாரங்களில் தற்கொலை சுமார் 18 விழுக்காடு குறைந்ததாக 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது மனநலத் திட்டமே இல்லை, வறுமைக்கான திட்டம். நம் தமிழ்நாட்டிலேயே 2017-ல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடத்தைத் தொலைக்காமல் உடனே துணைத் தேர்வு எழுதலாம். இவை அரசாணையில் முடிகிற காரியங்கள். கல்யாணமாகி ஆறு மாதமான பெண்ணைப் பார்த்து "என்னம்மா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்பதை நிறுத்த அரசாணையும் வேண்டாம்.

மாத்திரையைப் பற்றிய தவறுகள்

மனநல டாக்டர் எதைக் கொடுத்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் 'தூக்க மாத்திரை'. மனச்சோர்வுக்கு இப்போது முதலில் எழுதப்படுகிற பெரும்பாலான மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல, அடிமையாக்குபவையும் அல்ல. ஆனால் ஒரு குணம் உண்டு. பக்க விளைவு முன்னே வரும், பலன் பின்னே வரும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கோளாறு, படபடப்பு இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இதைச் சொல்லாமல் சீட்டை நீட்டினால் ஐந்தாம் நாளே "ஒத்துக்கலை" என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். பலர் அப்படித்தான் போடுகிறார்கள்.

தேறியதும் தானாக நிறுத்துவது அடுத்த தப்பு. சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அதைப் பார்த்து "பாத்தியா, அடிமையாக்கிட்டாங்க" என்பார்கள். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு அதிக உற்சாகம், கண்மண் தெரியாத செலவு என்று சில நாட்கள் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது வேறு நோயாக இருக்கலாம், மருந்தும் மாறும்.

மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற விளக்கத்துக்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. உடனே "அப்போ மாத்திரையே பொய்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. காரணம் எது என்பது ஒரு கேள்வி, மருந்து வேலை செய்கிறதா என்பது இன்னொரு கேள்வி. வெயிலில் அலைந்து வந்த தலைவலி மாத்திரையில் போகிறது. மாத்திரைக் குறைவால் அந்தத் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே பல நேரம் போதும். கடுமையாக இருந்தால் மருந்தும் சேர்ந்தால் நல்லது.

"மனசு வந்தா செய்றேன்"

அத்தை அடிக்கடி சொன்ன வாக்கியம் இது. நாங்களும் அதையேதான் நம்பினோம்: முதலில் மனசு தேறட்டும், அப்புறம் குளிக்கட்டும், வெளியே போகட்டும். மனச்சோர்வில் வரிசை தலைகீழ். செய்யச் செய்யத்தான் மனசு பின்னால் வருகிறது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு இந்த ஒரு யோசனையை மையமாக வைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களை, வாரம் ஒருமுறை வீதம் ஆறு முதல் எட்டு தடவை சந்தித்தார்கள். சந்தித்தவர்கள் டாக்டரோ உளவியல் படித்தவரோ இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மூன்று மாத முடிவில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு.

சிறிதாகத் தொடங்குவதில்தான் சூட்சுமம். நாங்கள் "எழுந்து பழையபடி தெருவை அடைத்துப் போடுங்க அத்தை" என்று உற்சாகப்படுத்தினோம். அது இன்னொரு தோல்வியைத் தேடிக்கொடுத்ததுதான் மிச்சம். டாக்டரம்மா கொடுத்த வீட்டுப்பாடம் வேறு: செவ்வாயும் வெள்ளியும் மட்டும், 7 புள்ளி 4 வரை, இடுக்குப் புள்ளி. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று யோசிக்க வேண்டாம், போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள் என்றார்.

கேட்கத் தயங்குவது

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பெரும்பாலும் பாரம்தான் இறங்குகிறது. "செத்துரலாம்னு தோணுதா?" என்று அமைதியாகக் கேட்கலாம். ஆம் என்றால் பதறாமல், உபதேசம் செய்யாமல் பக்கத்தில் இருங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

கோயிலுக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்றும் ஒரு வீண் சண்டை நடக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்து தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை மறக்க முடியாது. அதே ஊரின் தர்காவில் பின்னர் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் 'தவா-துவா' திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மந்திரிக்க ஆசைப்பட்டால் மந்திரித்துக்கொள்ளட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உள்ளவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. செலவுக்குப் பயந்து இருப்பவர்கள் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே மருந்தும் இலவசம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி அது; 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் 1926. வீட்டில் ஒருவருக்காக நீங்களும் கூப்பிட்டுக் கேட்கலாம்.

அத்தை மாத்திரை எடுக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. மாமா குடியை நிறுத்தவில்லை, ஆனால் குழுப் பணம் அவர் கைக்குப் போவதில்லை. சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா திண்ணையில் பூ கட்டப் போகிறார்; பூவைவிடப் பேச்சுதான் அதிகம் என்று கேள்வி. வீட்டுப் பஞ்சாயத்து மட்டும் முடிந்தபாடில்லை. பெரியப்பா இன்னும் ரத்தம் என்கிறார், அப்பா குடி என்கிறார். அந்தப் பேச்சு எழுந்தால் அத்தை மாவு ஆட்டப் போய்விடுகிறார். கிரைண்டர் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை.