சிம்னி பராமரிப்பு: நாமே செய்யும் தவறுகளும் ஆளைக் கூப்பிட வேண்டிய நேரமும்

ஓசூரில் இப்போது கட்டுகிற வீடானாலும் அப்பார்ட்மென்டானாலும் சமையலறையில் மின்சார சிம்னி இல்லாமல் இருப்பது அபூர்வம். அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கமோ, தர்மபுரியில் பென்னாகரம், அரூர்ப் பக்கமோ போனால், காஸ் இணைப்பு இருந்தும் களி கிண்டவும் வெந்நீர் வைக்கவும் விறகடுப்பு எரிகிறது. அதன் மேல் கொத்தனார் எழுப்பிய புகைக்கூண்டு நிற்கிறது. இரண்டும் வேறு வேறு சாமான்கள்தான், ஆனால் ஆபத்து சேருமிடம் ஒன்று. புகை வெளியே போகும் குழாயின் உட்புறம் அது. கைக்கு எட்டும் முன்பக்கத்தைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிற வீடுகளில்கூட அந்த உட்புறத்தை யாரும் வருஷக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை.

மின்சார சிம்னியில் பெரிய தவறு, ‘ஆட்டோ கிளீன்’ பட்டன் இருக்கிறதே, இனி எதையும் தொட வேண்டாம் என்று இருந்துவிடுவது. பெரும்பாலான மாடல்களில் அந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகி, மோட்டார் பகுதியில் ஒட்டிய எண்ணெயை உருக்கிக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் இறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கிண்ணத்தை எடுத்துக் கொட்டுவது நம் வேலை. எண்ணெய் நிரம்பி வழிந்து சுவரில் மஞ்சள் கோடாக இறங்கிய பிறகுதான் அப்படி ஒரு கிண்ணம் இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. மோட்டாருக்கு மேலே கிளம்பிச் சுவரைத் துளைத்துப் போகும் குழாயை அந்த ஹீட்டர் தொடுவதே இல்லை.

அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். முதல் வளைவில்தான் அதிகம் படிந்திருக்கும். கடலை எண்ணெய்த் தாளிப்பும் மிளகாய் வறுத்த புகையும் சேர்ந்து அடியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பூச்சு. அதன்மேல் தூசு ஒட்டிக் கறுத்து இன்னொரு அடுக்கு. விரலால் சுரண்டினால் நகத்துக்குள் ஏறிக்கொண்டு சோப்புக்கும் போகாது. வெளிச்சுவரில் குழாய் வாய்க்கு மூடியோ வலையோ போடாத வீடுகளில் குருவிக் கூட்டின் காய்ந்த புல்லும் உள்ளே கிடக்கும். இத்தனையும் எரியக்கூடியவை. கீழே வடை பொரிக்கிற கடாயில் தீப்பற்றி, அந்த நேரம் சிம்னியும் ஓடிக்கொண்டிருந்தால், அது தீயை மேலே இழுத்து இந்தப் பிசுக்கில் பற்ற வைத்துவிடும்.

கடாயில் தீப்பிடித்தால் முதலில் அடுப்பை அணையுங்கள், கை எட்டினால் சிம்னியையும் நிறுத்துங்கள். அப்புறம் பெரிய தட்டாலோ மூடியாலோ கடாயை மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. அது கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைத் தூக்கி அடிக்கும். கடாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதும் வேண்டாம். மூடியும் அடங்காவிட்டால் எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

பொருத்தும்போது செய்யும் தவறுகள் வருஷக்கணக்கில் தொல்லை கொடுக்கும். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் இடைவெளி 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை. அலமாரி அழகுக்காக அதைக் குறைத்தால் ஃபில்டர் சூடேறும். கூட்டினால் புகை பக்கவாட்டில் தப்பிவிடும். 6 அங்குலக் குழாய் கேட்கிற சிம்னிக்கு, சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டை இருக்கிறது என்று குழாயைச் சுருக்குவதும், மூன்று நான்கு இடத்தில் வளைத்துக் கொண்டுபோவதும் காற்றோட்டத்தைக் கொல்லும். காற்று மெதுவாகப் போனால் எண்ணெய் வழியிலேயே படிந்துவிடும்.

ஃபில்டரை நாமே கழுவலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் பொரிப்பு, தாளிப்பு என்று சமைக்கிற வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற வீடுகளில் மாதம் ஒருமுறை போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரில் பல இடங்களில் நுரையே வராது, அதனால் தண்ணீரை நன்றாகச் சூடாக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்துத் தேயுங்கள். சீக்கிரம் போகட்டும் என்று காஸ்டிக் சோடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய வலை ஃபில்டரில் அது பட்டால் உலோகத்தையே அரிக்கும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கழுவிய ஃபில்டர் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

காஸ் வாடை வந்தால் அதை வெளியே இழுத்துவிடும் என்று நினைத்து சிம்னி சுவிட்சைப் போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் பயம். சுவிட்சின் ஒரு பொறி போதும். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். காஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது.

இனி புகைக்கூண்டு. ஐப்பசி மழையில் நனைந்த வேலிக்காத்தானையும் அப்போதுதான் வெட்டிய மாங்கிளையையும் அடுப்பில் திணிப்பதில் தொடங்குகிறது சிக்கல். ஈர விறகு முழுசாக எரியாமல் புகையும். அந்தப் புகை கூண்டின் குளிர்ந்த மேல்பகுதியில் பட்டு ‘கிரியோசோட்’ என்கிற தார்ப்பிசினாகப் படியும். விறகை வெட்டி, பிளந்து, மேலே மட்டும் மூடிப் பல மாதம் காயவிட்டுத்தான் எரிக்க வேண்டும். ஒரு குச்சியால் கூண்டின் உட்சுவரைச் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அது வெறும் புகைக்கரி, அடுப்பு ஆறியிருக்கும்போது நீளமான பிரஷ்ஷால் நாமே தள்ளிவிடலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். படிவு 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டால் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். குச்சிக்கு மசியாமல் கறுப்பாகப் பளபளத்தால் தார் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதை நெருப்பு வைத்து எரித்துவிடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். கூண்டுக்குள் பற்றினால் ‘ஹோ’வென்று இரைச்சல் கேட்கும், மேலே பொறி பறக்கும், கூண்டுச் சுவர் வெடிக்கும். பக்கத்தில் ஓலைக் கூரையோ மாட்டுக்கு அடுக்கிய வைக்கோல் போரோ இருந்தால் சொல்லவே வேண்டாம். அப்படி ஒருமுறை பற்றி அடங்கிய கூண்டில், விரிசல் இருக்கிறதா என்று கொத்தனார் ஏறிப் பார்க்காமல் மறுபடி அடுப்பு மூட்டக்கூடாது.

கூண்டு கூரைக்கு மேல் குறைந்தது 3 அடி எழும்ப வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கிற எதைவிடவும் 2 அடி உயரமாக இருந்தால் புகை திரும்பி வீட்டுக்குள் இறங்காது. பிவிசி குழாயை விறகடுப்புக்கு வைக்கவே வேண்டாம், உருகிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருந்தால் நீங்களே அறுக்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மார்கழிக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதவை இறுக அடைத்துக்கொண்டு உள்ளே கரித்தணலை வைப்பதும், குளியலறைக்குள்ளேயே கரி பாய்லர் வைப்பதும் உண்டு. புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமில்லை, வாடையில்லை. அடுப்பு எரியும் நேரத்தில் வீட்டில் பலருக்கும் ஒன்றாகத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் பித்தம் என்று விட்டுவிடாமல் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, ஆளை எப்போது கூப்பிடுவது? மின்சார சிம்னியில் மோட்டார் சத்தம் மாறினால், கருகல் வாடை அடித்தால், குழாய் இணைப்பில் எண்ணெய் சொட்டினால் சர்வீஸ்காரர் வர வேண்டும். சிம்னியின் உடம்பைத் தொட்டதும் ஷாக் அடித்தால் பிளக்கைப் போடாமல் வைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரை நாமே பிரிப்பது வேண்டவே வேண்டாம், கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். குழாயைச் சுத்தம் செய்வதும், வேறு கோளாறு இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை, ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலைதான்.

கம்பெனி நம்பரை இணையத்தில் தேடாதீர்கள், போலி நம்பர்கள் நிறைய உலவுகின்றன. வாரண்டி கார்டில் இருப்பதைப் பாருங்கள். வருகிறவரிடம் குழாயைக் கழற்றுவீர்களா என்று முன்பே கேளுங்கள். முன்பக்கத்தில் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டுக் கிளம்புவது சர்வீஸ் ஆகாது. வேலை முடிந்ததும் சிம்னியை ஓடவிட்டு ஒரு செய்தித்தாளைக் காற்று இழுக்கும் இடத்தில் வையுங்கள். தாள் விழாமல் ஒட்டி நின்றால் பணத்தைக் கொடுங்கள்.