கடற்கரையில் ஒரு வளையச் சட்டை: இடைக்காலக் கவசத்தை ஆதாரத்தோடு செய்யும் முறை

இடைக்காலப் போர்க்கவசம் ஒன்றைத் தம் கையால் செய்து பார்க்க விரும்புகிறவர் முதலில் ஒரு நோட்டு வாங்கி, அதன் முதல் பக்கத்தில் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த ஊர், எந்தப் பத்தாண்டு, எந்த நிலையில் வாழ்ந்த மனிதன். 1180களில் இங்கிலாந்தின் நகரவாசி ஒருவன் அணிந்ததும், 1360களில் பால்டிக் கடலின் காட்லண்டு தீவில் குடியானவன் ஒருவன் அணிந்ததும், 1450களில் மிலான் பட்டறையில் ஒரு பிரபுவின் அளவுக்குச் செய்யப்பட்டதும் ஒன்றோடொன்று பொருந்தாத உடைகள். இம்மூன்றிலிருந்தும் அழகானவற்றை எடுத்துச் சேர்த்தால் எந்தக் காலத்திலும் எவரும் அணிந்திராத ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே அந்த மூன்று விவரங்களும் உறுதியாகும்வரை கம்பியோ துணியோ வாங்க வேண்டாம்.

இராமநாதபுரம் பகுதியில் இந்த ஆர்வத்தோடு வருகிறவர்கள், நம் கரையின் பாண்டிய வீரன் அணிந்த கவசத்தையே செய்யலாமே என்று கேட்பதுண்டு. நியாயமான விருப்பம்தான். ஆனால் 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் என்று அவர் அழைத்த இந்நாட்டின் மக்கள் உடம்பில் உடையின்றி, ஈட்டியும் கேடயமும் மட்டும் ஏந்திப் போருக்குச் சென்றதாக எழுதியிருக்கிறார். வேற்று நாட்டு வணிகரின் பார்வையில் மிகை இருக்கலாம். எனினும் இந்த வெயிலையும் ஈரக்காற்றையும் அறிந்தவர்களுக்கு அச்செய்தி வியப்பளிக்காது. இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களில் போர்க்காட்சிகள் உள்ளன, அங்குள்ள அருங்காட்சியகத்தில் வளரி உள்ளிட்ட ஆயுதங்களும் உள்ளன. ஆனால் அவ்வோவியங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றைப் பார்த்துப் பாண்டியர் காலத்து வீரனை உருவாக்குவது 400 ஆண்டுகளைத் தாண்டிக் குதிப்பதாகும். 13ஆம் நூற்றாண்டின் நம் கரையோரக் காலாள் ஒருவனை நேர்மையாக உருவாக்க நினைப்பவர் ஒரு நல்ல கேடயம் செய்யட்டும். திரைப்படங்களில் வரும் பித்தளை மார்புக்கவசத்தைச் செய்து அதற்குப் பாண்டியர் பெயரைச் சூட்டக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

உடம்பை மூடும் கவசத்தைத்தான் செய்ய வேண்டும் என்றால், 13, 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பஞ்சுச் சட்டையும் (பஞ்சு நிரப்பித் தைத்த தடித்த சட்டை) வளையச் சட்டையும் (இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய சட்டை) இங்குள்ளவர்களுக்கு ஏற்றவை. தகட்டுக் கவசத்துக்கு உலையும், வளைவு வளைவான பட்டறைக் கட்டைகளும், தகட்டை இழுத்துக் குழித்துப் பழகிய கையும் வேண்டும். அதை ஓர் அனுபவமுள்ள கொல்லரிடம் பழகாமல் தொடங்குவதில் பயனில்லை. பஞ்சும் காடாத் துணியும் கம்பியும் கரியுமோ இந்த மாவட்டத்தின் எந்தச் சந்தையிலும் கிடைக்கும் பொருள்கள்.

ஆராய்ச்சியைப் பொறுத்தவரை சான்றுகள் மூன்று வகைப்படும். அவை ஒன்றையொன்று திருத்த வேண்டும். முதலாவது, எஞ்சியிருக்கும் பொருள். 1361 ஜூலை 27 அன்று காட்லண்டு தீவின் விஸ்பி நகருக்கு வெளியே டென்மார்க் அரசர் நான்காம் வால்டெமாரின் படை உள்ளூர்க் குடியானவர்களை வீழ்த்தியது. இறந்தவர்கள் பெருங்குழிகளில், பலர் அணிந்திருந்த கவசத்தோடேயே, புதைக்கப்பட்டார்கள். 1905 முதல் அக்குழிகள் அகழப்பட்டபோது 1,100க்கும் மேற்பட்டோரின் எலும்புகளோடு வளையத் தலைமூடிகளும், உட்புறம் இரும்புத் தகடுகளை ஆணியடித்துப் பொருத்திய மேற்சட்டைகளும் வெளிவந்தன. சாதாரண மனிதர்கள் ஒரே நாளில் உடம்பில் அணிந்திருந்தவை என்று காலத்தை ஐயமின்றிச் சொல்லக்கூடிய பொருள்கள் என்பதால் இதற்கு இணையான சான்று மிகக் குறைவு. இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயத்தில், அரசர் மூன்றாம் எட்வர்டின் மகனாகி 1376இல் இறந்த ‘கறுப்பு இளவரசர்’ எட்வர்டின் தலைக்கவசமும் கையுறைகளும் பஞ்சு வைத்துத் தைத்த மேலுடையும் உள்ளன; ஆனால் அவை ஓர் அரச குமாரனுடையவை என்பதை நோட்டில் குறித்துக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, ஓவியமும் சிலையும். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் வரையப்பட்டு இப்போது நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கும் படவிவிலியத்தில், பஞ்சுச் சட்டை மட்டும் அணிந்த காலாட்களையும் வளையச் சட்டை அணிந்த குதிரை வீரர்களையும் தெளிவாகக் காணலாம். வளையச் சட்டையை ஒருவர் குனிந்து தலைவழியாகக் கழற்றும் காட்சிகூட அதில் உண்டு. ஆனால் ஓவியரும் சிற்பியும் ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாகச் செதுக்க முடியாமல் கோடுகளாலும் பிறைகளாலும் குறியீடாகக் காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கவச ஆய்வாளர் சாமுவேல் ரஷ் மெய்ரிக் இக்குறியீடுகளை அப்படியே உண்மையாகக் கொண்டு, பட்டை பட்டையாகவும் வலைப்பின்னலாகவும் வெவ்வேறு கவச வகைகள் இருந்ததாகப் பிரித்துப் பெயரிட்டார். அப்பெயர்களில் பல இன்றும் விளையாட்டுகளிலும் படப்புத்தகங்களிலும் உலவுகின்றன. ஒரு வடிவத்தை ஓவியத்தில் மட்டும் கண்டு, பொருளாக எங்கும் காணாவிட்டால், அதைச் செய்யத் தொடங்காதீர்கள்.

மூன்றாவது, எழுத்து. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி 1181இல் இட்ட ஆணை, சொத்து மதிப்புக்கு ஏற்ப யார் எந்தக் கவசம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. 16 மார்க் (அக்கால இங்கிலாந்தின் பணக் கணக்கு) மதிப்புள்ள பொருள் உடையவனுக்கு வளையச் சட்டையும் தலைக்கவசமும் கேடயமும் ஈட்டியும் விதிக்கப்பட்டன. சாதாரண நகரவாசிக்கும் குடிமகனுக்கும் பஞ்சுச் சட்டையும் இரும்புத் தொப்பியும் ஈட்டியும் விதிக்கப்பட்டன. 1322இல் இலண்டன் கவசக்காரர்களுக்கு இடப்பட்ட விதி, எந்தச் சட்டைக்குள் எதை வைத்து நிரப்பலாம் என்பதைக்கூட வரையறுத்தது. அதில் பருத்தியும் இடம்பெறுகிறது. நோட்டில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரியும், அவ்வரியில் ‘சான்று’, ‘ஊகம்’, ‘மாற்று’ என மூன்று கட்டங்களும் இருக்கட்டும். மூலத்தில் கைநூற்ற லினன் (ஆளிநார்த் துணி), நம் கையில் காடாத் துணி என்றால் அது ‘மாற்று’. அதை மறைக்காமல் எழுதுவதே இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்று நான் கருதுகிறேன். பெரிய அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்பின் படங்களையும் அளவுகளையும் எடையையும் இணையத்தில் தருகின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் படங்களில் பெரும்பாலானவற்றைத் தடையின்றிப் பதிவிறக்கலாம். அழகை விட எடையையும் வளையத்தின் விட்டத்தையுமே முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சுச் சட்டையிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் வளையச் சட்டை அதன் மேல்தான் அமர வேண்டும். காடாத் துணியைக் கஞ்சி போகும்வரை வெந்நீரில் ஊறவைத்து, துவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே வெட்டுங்கள். இல்லையேல் முதல் வியர்வையிலேயே சட்டை சுருங்கும். முதலில் பழைய வேட்டியில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். பஞ்சு நிரப்பித் தைத்ததும் துணி அகலத்தில் குறைந்துவிடும் என்பதால் மார்புச் சுற்றளவுக்கு மேல் 15 சென்டிமீட்டராவது தளர்வு வேண்டும். கைக்குழியைப் பெரிதாக வட்டமாக வெட்டினால்தான் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறாது. பிரான்சின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் உள்ள, 1364இல் இறந்த பிரபு சார்ல் தெ புளுவாவினுடையதாகச் சொல்லப்படும் சட்டையில் இந்த வெட்டு மிகத் தெளிவாகத் தெரிகிறது. உள்துணியையும் வெளித்துணியையும் சேர்த்து மேலிருந்து கீழாக நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் தையலிட்டு, அக்குழாய்களுக்குள் அடித்து மெதுவாக்கிய பருத்திப் பஞ்சைக் குச்சியால் சிறிது சிறிதாகத் திணிக்க வேண்டும். மெத்தைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இலவம்பஞ்சு வேண்டாம். அது வழுக்கி அடியில் போய்ச் சேரும், மேலும் அதற்குச் சான்றும் இல்லை. வளையச் சட்டைக்கு அடியில் அணிவதற்கு மெல்லிய நிரப்பு போதும். தனியாக அணியும் சட்டைக்கே தடிப்பு தேவை. கண்ணுக்குத் தெரியும் தையல்களையாவது கையால் போடுங்கள்.

வளையங்களுக்கு, கட்டட வேலையில் பயன்படும் கறுப்புக் கட்டுக்கம்பி ஏற்றது. 18 கேஜ் கம்பி ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், பழைய வளையங்கள் பலவும் இந்த அளவுக்கு அருகில் உள்ளவை. ஜி.ஐ. கம்பியை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு சூடேறும்போது எழும் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் தரும். எட்டு மில்லிமீட்டர் இரும்புக் கம்பியின் மேல் இறுக்கமாகச் சுருளாகச் சுற்றி, சுருளைச் சற்று விரித்து, ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளும் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டுங்கள். பிறகு வளையங்களைத் தகர டப்பாவில் இட்டுக் கரியடுப்பில் செந்நிறம் வரும்வரை சூடேற்றி, சாம்பலுக்குள் தானாக ஆறவிடுங்கள். நம் மாவட்டத்தின் சீமைக்கருவேலக் கரி இதற்கு வேண்டிய சூட்டைத் தாராளமாகத் தரும். ஆறிய வளையத்தின் ஏறிய முனைகளைப் பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டையாக்கி, கூர்மையான துளையுளியால் (பஞ்ச் எனப்படும் கருவி) அடித்துத் துளையிட வேண்டும். துளையிடும் இயந்திரம் உலோகத்தை வெட்டி அகற்றிவிடும். துளையுளியோ அதை விலக்கி ஒதுக்குவதால் துளையின் இரு பக்கமும் வலுவாக நிற்கும்.

மெல்லிய தகட்டிலிருந்து வெட்டிய முக்கோண ஆப்பைத் துளையில் செருகி, வாயில் சிறு குழி செதுக்கிய கொறடால் அழுத்தினால் தலை உருண்டு பிடிக்கும். ஐரோப்பாவில் முற்பட்ட வளையச் சட்டைகளில் உருண்டை ஆணிகளே இருந்தன. 14ஆம் நூற்றாண்டில் ஆப்பு வடிவம் பரவியது. உங்கள் பத்தாண்டு எதுவோ அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். ஆணியடிக்காமல் முனைகளை வெறுமனே நெருக்கி மூடும் வளையங்களை விரைவாகச் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் குத்து விழுந்ததும் அவை வாய்பிளக்கும், அவ்விதச் சட்டைக்கு இடைக்கால ஐரோப்பாவில் ஆதாரமும் இல்லை.

ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைப் பிடிக்கும் பின்னலே பொது வழக்கம். பின்னிய துண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: வளையங்கள் தம் எடையாலேயே நெருங்கி மூடிக்கொள்ளும் திசைதான் உடம்பில் மேலிருந்து கீழாக வர வேண்டும். தோள், அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் வரிசைக்கு வரிசை வளையங்களைக் கூட்டியும் குறைத்தும் வடிவம் கொடுப்பது, கரைவலையின் மடியைக் கண் குறைத்து ஒடுக்குவதைப் போன்றது. வலை பின்னத் தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பகுதி மற்றவர்களை விட விரைவில் கைகூடும் என்பதால், அருகில் அப்படி ஒருவர் இருந்தால் அவரோடு உட்கார்ந்து செய்வது நல்லது. முழுச் சட்டைக்கு 20,000 முதல் 30,000 வளையங்கள்வரை தேவைப்படும், எடையும் பத்து கிலோவை ஒட்டி வரும். எனவே கழுத்தையும் தோளையும் மூடும் ஒரு சிறு துண்டோடு தொடங்குங்கள். அது தனியாகவே அணியத்தக்கது, பிறகு செய்யப்போகும் தலைக்கவசத்தோடும் சேரும்.

அணிந்து பார்க்க மார்கழி, தை மாதங்களின் அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சுச் சட்டை வியர்வையை ஆறவிடாது. பங்குனி வெயிலில் அதை அணிந்து நடப்பது உயிருக்கே ஆபத்து. கழற்ற உதவுவதற்கு ஒருவர் உடன் இருக்க வேண்டும், தண்ணீர் அருகில் இருக்க வேண்டும், தலைசுற்றல் தொடங்கும் முன்பே கழற்றிவிட வேண்டும். இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டினால் வளையச் சட்டையின் எடையில் ஒரு பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் உப்புக்காற்று. மண்டபம் கடற்கரையில் உலோகங்களின் அரிப்பை ஆராய்வதற்கென்றே மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் நிலையம் அமைக்கப்பட்டதிலிருந்து, இங்கே இரும்பு என்ன பாடுபடும் என்பதை ஊகிக்கலாம். 14ஆம் நூற்றாண்டின் டோவர் கோட்டைப் பொருட்பட்டியலில் கவசங்களை உருட்டித் துலக்கும் பீப்பாய் இடம்பெற்றுள்ளது; அந்த முறையையே நாமும் பின்பற்றலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் உலர்ந்த ஆற்றுமணலோடு வளையப் பின்னலைப் போட்டு முன்னும் பின்னும் உருட்டினால் துரு உதிரும். கடற்கரை மணல் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு வளையங்களின் இடுக்கில் தங்கி மறுநாளே மீண்டும் துருவைக் கொண்டுவரும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி தேய்க்கும் பழக்கத்தையும் இங்கே கைவிடுங்கள். ஆழமான துருவுக்கு வினிகரில் ஊறவைத்தால், பிறகு சமையல் சோடா கரைத்த நீரிலும் நல்ல தண்ணீரிலும் அலசி, நண்பகல் வெயிலில் சூடேறும்வரை உலர்த்தி, அந்தச் சூடு ஆறும் முன்பே எண்ணெய் தடவுங்கள். தோல் பையில் வைக்காதீர்கள்; எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டிரம்மில் வையுங்கள். வியர்வையிலும் உப்பு உண்டு என்பதால் ஒவ்வொரு முறை அணிந்த பிறகும் பஞ்சுச் சட்டையை வெயிலில் காயவைத்து, அதை வளையச் சட்டையிலிருந்து தனியே வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன் டிரம்மைத் திறந்து முழுவதும் பார்த்து எண்ணெய் புதுப்பித்துவிட்டால், கார்த்திகை முடியும்வரை அதைத் திறக்க வேண்டிய தேவை இராது.