ஆள் இருக்கும் அறையைக் காலி என்று சொல்லும் சென்சார்: அலுவலக இடக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த அறை எவ்வளவு நேரம் பயன்படுகிறது என்று தெரிந்துகொள்ள, கூரையில் சென்சார் மாட்டிக் கணக்கு எடுக்கும் வழக்கம் பரவி வருகிறது. வாடகையும் கரண்ட் பில்லும் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் அதை வைத்துத்தான் மேசைகளைக் குறைக்கிறார்கள், அறைகளை எடுக்கிறார்கள். கணக்கு தப்பினால் அவதிப்படுவது அங்கே வேலை செய்கிறவர்கள்.

சென்சார் ஆளைப் பார்க்கிறது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பரவலாக மாட்டப்படும் பிஐஆர் (அகச்சிவப்புக் கதிரை, அதாவது வெப்பக் கதிரை உணரும்) வகைக்கு ஆள் தெரியாது. சுற்றுப்புறத்தைவிட வெப்பம் மாறுபட்ட ஒன்று நகர்ந்தால் மட்டுமே அதற்குத் தெரியும். அசையாமல் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர் இருக்கும் அறையை, கொஞ்ச நேரத்தில் காலி என்று எழுதிவிடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலையை ஒட்டி, மின்விசிறி மட்டும் ஓடும் அலுவலக அறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். மதியம் சுவரின் சூடு மனிதத் தோலின் சூட்டை நெருங்கிவிடும். வித்தியாசம் குறையக் குறைய, பிஐஆர் சென்சாருக்கு ஆளைப் பிரித்தறிவது கஷ்டம். ‘மே மாதம் மதியத்தில் யாரும் வேலை செய்வதில்லை’ என்று அறிக்கை வந்தால் ஆட்களைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள். மாட்டிய முதல் வாரம் ஒருவர் மணிக்கு ஒருமுறை நோட்டும் கையுமாகச் சுற்றி வந்து தலை எண்ணி ஒப்பிட்டால் போதும், பாதிக் குழப்பம் தீரும். இதைச் செய்யாமல் எடுத்த எந்தக் கணக்கையும் நான் நம்ப மாட்டேன்.

சரி, ரேடியோ அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து அசைவை அறியும் ரேடார் வகை வாங்கலாமா? மூச்சு விடும் அசைவைக்கூடப் பிடிக்கும். ஆனால் மெல்லிய ஜிப்சம் தடுப்பைத் தாண்டி, பக்கத்து அறை ஆளையும் சேர்த்துவிடக்கூடும்.

கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்து ஆட்களைக் கணிப்பவர்கள், அந்த அளவு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் என்பதை மறக்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகும் அறை நிறைந்ததுபோலக் காட்டும். ஜன்னலைத் திறந்தால் நிறைந்த அறையும் காலிபோலத் தெரியும். இவ்வகைச் சென்சார்கள் பல, சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று வைத்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும். இரவு பகலாக ஆள் இருக்கும் மருத்துவமனை அலுவலகத்தில் அளவு வெளிக்காற்று அளவுக்கு இறங்காமலே இருக்கலாம், அப்போது அந்தக் கணிப்பே தவறிவிடும்.

வாசலில் எண்ணும் கருவி, இருவர் தோளோடு தோள் நுழைந்தால் ஒருவர் என்று எழுதலாம். பிழை நாளெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். ஆள் இல்லாத நள்ளிரவில் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் சராசரி. வாரச் சராசரி 40 சதவீதம் என்றதும் பாதி மேசைகளை எடுக்கத் தோன்றும். திங்கள் காலை 90 ஆக இருந்தால் அன்று ஆட்கள் எங்கே உட்காருவார்கள்? எந்த வாரத்தில் அளந்தோம் என்பதும் முக்கியம். வைகாசி பிறப்பில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வரும் வாரத்தை வைத்து ஆண்டு முழுவதையும் முடிவு செய்யக் கூடாது. வாணியம்பாடியில் வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் மேசைகள் காலியாக இருந்தால் அதைச் சோம்பல் என்று படிப்பதும் அநியாயம்.

மீட்டிங் ரூம் எப்போதும் நிறைந்திருப்பதாகத் தெரிந்தால், உள்ளே எத்தனை பேர் என்று பாருங்கள். எட்டுப் பேர் அறையில் இரண்டு பேர் போன் பேசிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் தேவைப்படுவது இன்னொரு பெரிய அறை இல்லை, இரண்டு சின்ன அறைகள்.

மேசைக்கு அடியில் வைக்கும் சென்சாரை, சொல்லாமல் மாட்டவே கூடாது. இன்ன மேசை இன்னாருடையது என்று தெரிந்தால் அது அவருடைய தனிப்பட்ட தகவல். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வையுங்கள். எதற்காக எடுக்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று முன்பே ஊழியர்களிடம் சொல்லுங்கள். அறிக்கையைப் பகுதிவாரியாக மட்டும் கொடுங்கள். வருகைப் பதிவுக்கு இதை எடுத்துப்போகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.