நட்சத்திர கோல்கீப்பருக்குக் காயம்: செய்திகளைப் படிக்கும் முறை

வட அமெரிக்காவின் என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) ஐஸ் ஹாக்கி அணிகள் பெரும்பாலும் ‘உடலின் கீழ்ப்பகுதியில் காயம்’ என்று மட்டுமே அறிவிக்கும் என்பதால், அந்த ஒற்றை வரியை வைத்து அறுவைச் சிகிச்சை வரை கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கோல்கீப்பரைக் காயமடைந்தோருக்கான எந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சாதாரணப் பட்டியல் என்றால் குறைந்தது 7 நாள். நீண்டகாலப் பட்டியல் என்றால் குறைந்தது 24 நாளும் 10 ஆட்டங்களும் அவர் விளையாட மாட்டார்.

அடுத்து, பயிற்சியைக் கவனியுங்கள். உடல் தேறியது உண்மையில் அங்கேதான் தெரியும். தனியாகச் சறுக்குவது நல்ல தொடக்கம், அவ்வளவே. முழங்கால்கள் இரண்டையும் உள்நோக்கி மடக்கிப் பனித்தரையில் இறங்கி, கால்கவசங்களை இருபுறமும் விரித்துப் பந்துவட்டைத் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தடுத்து, மறுகணமே ஒரு காலை ஊன்றிப் பக்கவாட்டில் உந்திச் செல்லும் அசைவுதான் இடுப்பையும் தொடையிடுக்கையும் முழங்காலையும் கடுமையாகச் சோதிக்கிறது. சக வீரர்கள் அடிக்கும் ஷாட்டுகளுக்கு எதிரே அதை அவர் தயக்கமின்றிச் செய்கிறார் என்றால் நம்பிக்கை கொள்ளலாம்.

அதுவரை, சீக்கிரம் களமிறக்கும்படி வற்புறுத்தாதீர்கள். மாண்ட்ரியால் கனடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் கேரி பிரைஸ், 2015 நவம்பரில் முழங்கால் காயத்துடன் வெளியேறி அந்தப் பருவம் முழுவதும் திரும்பவில்லை. அணி பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) வாய்ப்பை இழந்தது. அடுத்த பருவத்திலோ அவர் 62 ஆட்டங்களில் விளையாடினார்.