கொடைக்கானல், ஊட்டி மிஷனரி இன்டர்நேஷனல் பள்ளிகள்: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

முசூரியை ஒட்டிய லாண்டூரில் உட்ஸ்டாக் (1854), இன்று ஊட்டியில் இயங்கும் ஹெப்ரான் (1899), கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் (1901) எல்லாமே மிஷனரிகளின் முயற்சியில் உருவானவை. ஊர்க் கான்வென்ட்டுகளோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். பிளஸ் டூ முடிவில் கைக்கு வரும் சான்றிதழே வேறு. தேர்வை அங்கிருந்து பின்னோக்கித் தொடங்குங்கள்.

கொடைக்கானல் பள்ளியில் 1976 முதல் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) டிப்ளமா, அதாவது பிளஸ் டூ நிலைப் படிப்பு, உண்டு, இந்தியாவில் அதை முதலில் நடத்திய பள்ளி அதுதான். ஹெப்ரானில் பத்தாம் வகுப்பு நிலையில் ஐ.ஜி.சி.எஸ்.இ., பிளஸ் டூ நிலையில் ஏ லெவல். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைக்கு இரண்டுமே சரி. சிக்கல் மருத்துவத்தில் வருகிறது. ஐ.பி.யில் ஆறு பாடப்பிரிவுகளிலிருந்து ஆறு பாடம். வழக்கமாக மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். கலைப் பிரிவை விட்டுவிட்டு இரண்டாவது அறிவியல் எடுக்கலாம் என்பதால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் அடங்கிவிடும். நீட்டுக்கு உயிரியலும் வேண்டும். மூன்று அறிவியல் சாதாரண டிப்ளமாவில் அடங்காது. பள்ளி மூலமாக ஐ.பி. அமைப்பிடம் தனி அனுமதி பெற வேண்டும், பள்ளியின் டைம்டேபிளும் இடம் தர வேண்டும். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் பாடங்களை மாற்றுவது கடினம். பத்தாம் வகுப்பிலேயே எழுத்தில் கேளுங்கள். இன்ஜினியரிங் நோக்கம் என்றால் ஐ.பி. கணிதத்தில் ‘அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்’ என்ற பிரிவை எடுப்பதே பாதுகாப்பு.

அடுத்தது தேதி. மே மாதத் தேர்வுக்கு ஐ.பி. முடிவு ஜூலை தொடக்கத்தில் வரும். ஜூன் ஏ லெவல் முடிவு ஆகஸ்டில். அதற்குள் பல கல்லூரிகளில் அட்மிஷன் முடிந்திருக்கும். ஏ லெவல் தேர்வை நடத்தும் கேம்பிரிட்ஜ் அமைப்பு இந்தியாவில் மார்ச் தேர்வும் நடத்துகிறது, முடிவு மே மாதம் வந்துவிடும். பள்ளி அதில் மாணவர்களை எழுத வைக்கிறதா என்று விசாரியுங்கள்.

சேப்பல் (பள்ளியில் நடக்கும் கிறிஸ்தவ வழிபாடு) பற்றிக் கூச்சப்படாமல் கேட்கலாம். வாரம் எத்தனை முறை, ஞாயிறு ஆராதனை கட்டாயமா, வேதபாடத்துக்கு மதிப்பெண் உண்டா? அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவுப்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் மதபோதனைக்கும் வழிபாட்டுக்கும் மைனர் பிள்ளையைக் கட்டாயப்படுத்தப் பெற்றோரின் சம்மதம் தேவை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ‘பள்ளியின் கிறிஸ்தவ வாழ்வில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்’ என்ற தொனியில் ஒரு வரி இருந்தால், உங்கள் கையெழுத்தையே அந்தச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம். படித்துவிட்டுப் போடுங்கள்.

கட்டணத்தில் டியூஷன், விடுதி, திரும்பக் கிடைக்காத சேர்க்கைத் தொகை, திரும்பக் கிடைக்கும் டெபாசிட், தேர்வுக் கட்டணம் என்று தனித்தனியாகப் பட்டியல் வாங்குங்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

விடுதிக்கு நேரில் போய், இரவில் பிள்ளைகளோடு தங்குவது யார் என்று பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் இரண்டுமே 2,000 மீட்டருக்கு மேல். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் முதலில் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தலைவலி ஒன்று, இனிஷியல். ஆதாரில் ‘கே. அருண்’, பாஸ்போர்ட்டில் ‘அருண் குமரேசன்’ என்று இருந்தால், தேர்வுப் பதிவில் எது போகிறதோ அதுவே சான்றிதழில் நிற்கும். பிறகு இந்தப் படிப்பு பிளஸ் டூவுக்குச் சமம் என்ற சமநிலைச் சான்று கேட்க நேர்ந்தால் பெயர்ப் பொருத்தம் பார்ப்பார்கள். பதிவுக்கு முன்பே பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, டி.சி. மூன்றிலும் ஒரே பெயராக்கி வையுங்கள்.